இரண்டாம் பாகத்தை வாசிக்கும் முறை: ‘சீஜ் அண்ட் ஸ்டார்ம்’ நாவலுக்கு ஒரு வழிகாட்டி

இளம் வாசகர்களுக்காக எழுதப்படும், காதலும் மாயமும் கலந்த நாவல் வரிசைகளில், முதல் பாகத்தை இரவோடு இரவாக முடித்தவர்களில் பலர் இரண்டாம் பாகத்தின் நடுவில் எங்கோ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். கதை நகரவில்லை, காதலர்கள் காரணமில்லாமல் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், முதல் பாகத்தில் மனத்தைக் கவர்ந்த வில்லன் ஆளையே காணோம் என்று அவர்கள் குறை சொல்வார்கள். இதில் ஒரு பகுதி நியாயமானது. மற்றது, முதல் பாகத்தைத் திறந்தபோது இருந்த அதே எதிர்பார்ப்போடு இரண்டாவதையும் திறப்பதால் வருவது. முதல் பாகத்தில் நாயகிக்கு ஓர் ஆற்றல் கிடைக்கிறது. இரண்டாம் பாகம் அந்த ஆற்றலுக்கு அவள் கொடுக்கும் விலையைப் பற்றியது. விலை கொடுப்பது எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும். அதைப் பின்தொடர்ந்து வாசிப்பதற்குச் சில பழக்கங்கள் தேவைப்படுகின்றன.

இங்கே எடுத்துக்கொள்ளும் நூல், அமெரிக்க எழுத்தாளர் லீ பர்டூகோ எழுதிய ‘சீஜ் அண்ட் ஸ்டார்ம்’. முதல் பாகமான ‘ஷேடோ அண்ட் போன்’ 2012இலும், மூன்றாம் பாகமான ‘ரூயின் அண்ட் ரைசிங்’ 2014இலும் வெளிவந்தன. நடுவே 2013 ஜூனில் வந்தது இது. தொடக்கத்தில் கிரிஷா (இந்தக் கதையில் மாய ஆற்றல் பெற்றவர்கள்) வரிசை என்று அழைக்கப்பட்ட இந்த மூன்று நூல்களும் பின்னாளில் முதல் பாகத்தின் பெயராலேயே அறியப்படலாயின. எனவே கடையில் கிடைக்கும் பழைய பிரதியின் அட்டையிலும் புதிய பிரதியின் அட்டையிலும் வரிசையின் பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. முதல் பாகத்தின் முடிவை ஒளிக்காமல் பேசப்போகிறேன். இரண்டாம் பாகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் நடப்பதையும் தொடுவேன். அதற்கு மேல் நிலவரத்தைச் சொல்வேனே தவிர, திருப்பங்களைச் சொல்லமாட்டேன்.

திறப்பதற்கு முன்

இரண்டு பாகங்களுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்திருந்தால், முதல் பாகம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு மூன்று அத்தியாயங்களை மட்டும் வாசித்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குவதைவிட இது எவ்வளவோ மேல். சுருக்கங்கள் சம்பவங்களைச் சொல்லும், ஆனால் ஒளியை அழைக்கும் நாயகி அலினாவின் மனத்தில் தங்கிவிட்ட உறுத்தலைச் சொல்லாது. ராவ்கா நாட்டை இரண்டாகப் பிளந்து கிடக்கும் ஃபோல்ட் என்ற இருள்வெளியில், மணற்கப்பலோடு, கிரிஷாக்களின் தலைவனும் வில்லனுமான டார்க்ளிங்கையும் அவனுடைய ஆட்களையும் கைவிட்டுவிட்டு, வோல்க்ரா என்ற சிறகுள்ள கொடிய உயிர்களுக்கு அவர்களை இரையாக விட்டுவிட்டு, தன்னோடு வளர்ந்த காதலன் மாலோடு அவள் தப்பிச் செல்கிறாள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். இரண்டாம் பாகத்தின் முதல் பக்கங்களில் அவளுக்குத் தூக்கம் ஏன் சரியாக வரவில்லை என்பது இதை நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் புரியும்.

இன்னும் மூன்று செய்திகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்று, பெருக்கி பற்றிய விதி. ஒரு விலங்கின் எலும்போ கொம்போ ஒரு கிரிஷாவின் ஆற்றலைப் பெருக்கும். அந்த விலங்கின் உயிரை எடுத்தவருக்கே அதன் மீது உரிமை. ஒருவருக்கு ஒரு பெருக்கிதான். மொரோசோவாவின் மானைக் கொன்றவன் டார்க்ளிங், ஆனால் அதற்கு இரக்கம் காட்டியவள் அலினா. அந்த இரக்கத்தின் வழியாகத்தான் கொம்பால் ஆன கழுத்துப்பட்டையின் ஆற்றல் அவள் வசமாகிறது. இரண்டாவது, கிரிஷா தன் ஆற்றலைப் பயன்படுத்தினால் உடல் தேறும், அடக்கி வைத்தால் வாடும் என்பது. மூன்றாவது, அலினாவுக்குப் பயிற்சி தந்த பாக்ரா சொன்ன உண்மை: ஃபோல்டை உருவாக்கிய பழைய மாயாவியும் டார்க்ளிங்கும் ஒருவனே, அவனைப் பெற்றவள் பாக்ராவே. இந்த மூன்றில் முதல் விதியை உடைப்பதுதான் இரண்டாம் பாகத்தின் அச்சு. அதனால் அதை மறந்துவிட்டு உள்ளே போனால் கதையின் பெரிய குற்றமே குற்றமாகத் தெரியாது.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு இரண்டாம் பாகத்திலிருந்து வாசிக்கத் தொடங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் பதில். நெட்ஃபிளிக்ஸில் 2021 ஏப்ரலில் வந்த முதல் பருவத்திலேயே பர்டூகோவின் வேறொரு வரிசையைச் சேர்ந்த திருடர் கூட்டம் கதைக்குள் நுழைக்கப்பட்டுவிட்டது. நூலில் அவர்கள் கிடையாது. அலினாவைப் பாதி, ஷூ ஹான் என்ற அண்டை நாட்டு இனத்தவளாக்கி, அதனால் அவள் படும் அவமானங்களைக் காட்டியதும் தொடரின் சேர்க்கை. 2023 மார்ச்சில் வந்த இரண்டாம் பருவம், இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் ஒன்றாகக் கலந்து எட்டே பகுதிகளில் ஓடிவிடுகிறது. எனவே அதைப் பார்ப்பவருக்கு மூன்றாம் நூலின் ரகசியங்களும் சேர்ந்தே போய்விடும். அந்தத் தொடர் 2023 நவம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. மூன்று நூல்களையும் முடித்த பிறகு, எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று பார்ப்பதற்கு அது நன்றாகவே இருக்கும்.

பெயர் இல்லாத பையனும் பெண்ணும்

நூலின் தொடக்கத்தில், முதல் அத்தியாயத்துக்கு முன்னால், ‘முன்பு’ என்ற பொருள் தரும் தலைப்போடு சில பக்கங்கள் இருக்கின்றன. அவசரக்காரர்கள் இதை முன்னுரை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக்கூடாது. நாவலின் அத்தியாயங்களை அலினா ‘நான்’ என்று சொல்கிறாள். ஆனால் இந்தப் பக்கங்களில் ‘நான்’ இல்லை, அலினாவும் இல்லை, மாலும் இல்லை. ஒரு பையனும் ஒரு பெண்ணும் கடல் கடக்கிறார்கள். பழைய நாடோடிக் கதையின் குரலில் அவர்களைப் பற்றி வேறு யாரோ சொல்கிறார்கள். முதல் பாகத்தில் இதே குரல் கெராம்ஸின் அநாதை இல்லத்தின் இரண்டு குழந்தைகளைக் காட்டியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் குரலுக்கு ஒரு வேலை இருக்கிறது. புனிதவதி, படைத்தலைவி, சூரியனை அழைப்பவள் என்று ஊரெல்லாம் சூட்டும் பட்டங்கள் எதுவும் ஒட்டாத இரண்டு பேரை அது காட்டுகிறது. முழு நாவலும் இந்த இருவரையும் அந்தப் பட்டங்களுக்குள் தள்ளிப் பூட்டுவதைப் பற்றியது. கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு இதே குரல் மறுபடி வரும். அப்போது தொடக்கப் பக்கங்களைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு அதை வாசியுங்கள். அந்தப் பையனும் பெண்ணும் எவ்வளவு மிச்சம் இருக்கிறார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும்.

அதன்பின் வரும் முதல் அத்தியாயம், நோவி ஸெம் நாட்டின் கோஃப்டன் ஊரில் தொடங்குகிறது. மென்றால் தூக்கத்தை விரட்டும் ஜுர்டா என்ற பூப்பயிர் விளையும் வயலில் இருவரும் கூலி வேலை செய்து பிழைக்கிறார்கள். அலினா கழுத்தில் துணி சுற்றியிருக்கிறாள். கழற்ற முடியாத அந்தக் கொம்புப் பட்டையை மறைப்பதற்குத்தான். இந்தத் துணியைச் சற்று நின்று கவனிக்கலாம். யாருக்கும் தெரியாமல் ஓர் எளிய வாழ்க்கையை வாழ அவர்கள் எடுக்கும் முயற்சியின் முழு அளவும் அந்த ஒரு முழத் துணிதான். அதற்குள் இருப்பதை அவளால் பயன்படுத்தவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது. அடக்கி வைத்தால் கிரிஷாவின் உடல் வாடும் என்ற விதி இங்கே கைகொடுக்கும். மாலோடு நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் அவள் தன்னைச் சிறுகச் சிறுகக் கொன்றுகொள்ள வேண்டும். காதலுக்கும் ஆற்றலுக்கும் நடுவிலான சண்டையை ஆசிரியர் வசனத்தில் சொல்லாமல் முதல் சில பக்கங்களில் பொருளாக வைத்துவிடுகிறார்.

பென்சிலோடு வாசித்தல்

இந்த நாவலுக்கு நான் பரிந்துரைக்கும் முக்கியமான பழக்கம் இதுதான். அலினா எதையாவது மாலிடமிருந்து மறைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பக்க ஓரத்தில் ஒரு சிறு கோடு போடுங்கள். மால் அவளிடம் எதையாவது மறைப்பதாகத் தெரியும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நூலகப் பிரதியாக இருந்தால் துண்டுத்தாள் செருகலாம். கின்டிலில் வாசிப்பவர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு குறிப்பு எழுதிக்கொள்ளலாம். சம்பவங்களை எழுதி வைப்பதற்கும் பெயர்ப் பட்டியல் போடுவதற்கும் இதில் பாதிப் பயன்கூடக் கிடையாது.

காரணம் இருக்கிறது. கதையைச் சொல்பவள் அலினா ஒருத்தி மட்டுமே. அவள் பொய் சொல்பவள் அல்லள். நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஆனால் தன்னைப் பற்றி அவள் தரும் தீர்ப்பை அப்படியே ஏற்க முடியாது. ‘நாட்டுக்காகத்தான்’ என்று அவள் சொல்லும்போது அது எவ்வளவு நாட்டுக்கு, எவ்வளவு அவளுக்கு என்பதை வாசகர்தான் எடைபோட வேண்டும். இதற்கு அவள் மறைக்கும் இடங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒருவர் எதைச் சொல்லக் கூச்சப்படுகிறாரோ அங்கேதான் அவருடைய ஆசை இருக்கிறது.

கோடுகள் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். முதலில் கடல்வேட்டை. டார்க்ளிங் சாகவில்லை. கோஃப்டனிலேயே அவர்களைப் பிடித்துவிடுகிறான், இந்த முறை தன்னோடு புதிய படை ஒன்றையும் கொண்டுவருகிறான். நிச்சேவோயா என்று பெயர் பெற்ற அந்த நிழல் உருவங்கள், இருளிலிருந்து அவன் உயிர் கொடுத்து எழுப்பியவை. அவற்றில் ஒன்று அலினாவின் தோளைக் கடிக்கிறது, அந்த வடு நூல் முழுவதும் அவளோடு வருகிறது. ஸ்டர்ம்ஹோண்ட் என்ற வாய்த்துடுக்கான கப்பல் தலைவனின் கலத்தில், வடகடலில் வாழும் ருஸால்யே என்ற கடல்நாகத்தைத் தேடிப் பயணம் போகிறது. தடம் பிடிப்பதில் மாலுக்கு நிகர் இல்லை என்பதால் அவனும் இழுத்துச் செல்லப்படுகிறான். வேட்டையின் முடிவில் கடல்நாகத்தின் செதில்கள் அலினாவின் மணிக்கட்டில் ஏறுகின்றன. ஒருவருக்கு ஒரு பெருக்கி என்ற விதி அங்கே உடைகிறது. அந்தக் கணத்தில் அவளுக்கு முதலில் என்ன தோன்றுகிறது என்று ஆசிரியர் எழுதியிருப்பதை இரண்டு முறை வாசியுங்கள். பயமும் குற்றவுணர்வும் பின்னால் வருகின்றன, அவற்றுக்கு முன்னால் இன்னும் வேண்டும் என்ற பசி வந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு நெருப்புப்பறவை இருக்கிறது என்ற எண்ணம் அதற்குப் பிறகு அவளை விடுவதில்லை.

அடுத்து, தலைநகரான ஓஸ் ஆல்டாவுக்கு வந்த பிறகு, அலினாவின் கண்ணுக்கு மட்டும் டார்க்ளிங் தெரியத் தொடங்குகிறான். இதைத் திருப்பம் என்று சொல்ல முடியாது. நாவலின் நடுப்பகுதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. அறையில் வந்து நிற்கிறான், பேசுகிறான், பேசாமலும் இருக்கிறான். அது அவளுடைய மனப்பிரமையா, அவனே எங்கிருந்தோ வருகிறானா என்பதை இந்தப் பாகத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடம் கொடுத்தே வாசியுங்கள். நம் கணக்குக்கு வேண்டியது வேறு. அவள் இதைப் பல அத்தியாயங்கள் வரை மாலிடம் சொல்வதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவான் என்பது அவள் நமக்குச் சொல்லும் காரணம். அந்த வருகைகளில் அவளுக்குக் கிடைக்கும் ஏதோ ஒன்றை இழக்க மனமில்லை என்பது அவள் சொல்லாத காரணம். இந்தப் பக்கங்களில் உங்கள் பென்சில் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகும்.

மாலின் புள்ளிகளைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் அவனுடைய மனத்துக்குள் நமக்கு அனுமதி இல்லை. படையிலிருந்து ஓடிப்போனவன் என்ற பெயர் அவனுக்கு இருக்கிறது. தடம் பிடிப்பதே தொழிலாக இருந்தவனுக்கு அரண்மனையில் தடம் பிடிக்க எதுவுமில்லை. காதலியின் மெய்க்காவல் படைக்குத் தலைவனாக, அவள் இருக்கும் அறைக்கு வெளியே நிற்கிறான். குடிக்கிறான், கிரிஷாக்களோடு மோதுகிறான். இவனைக் கண்டாலே எரிச்சல் வருகிறது என்று சொல்லும் வாசகர்கள் ஏராளம். அந்த எரிச்சலில் கொஞ்சம் ஆசிரியரின் பொறுப்பும் உண்டு. அவனுடைய வேதனையைச் செயலாகக் காட்டியதைவிட முகச்சுளிப்பாகக் காட்டியதே அதிகம். இருந்தாலும் புள்ளிகளையும் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பது தெரியும். தான் எப்படி மாறிவிட்டோம் என்பதை மற்றவருக்குக் காட்டப் பயப்படுகிறார்கள். காரணமில்லாத சண்டை என்று தோன்றியது அப்போது அப்படித் தோன்றாது.

யாரைக் கட்டிக்கொள்வாள் என்ற கேள்வி

இந்த வகை நாவல்களை ஒரு பந்தயம்போல வாசிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நாயகிக்கு மாலா, டார்க்ளிங்கா, இளைய இளவரசன் நிகோலாயா என்று கட்சி கட்டுவது சுவாரசியமானதுதான், தோழிகளோடு விவாதிக்க நல்ல பொருளும்கூட. ஆனால் இரண்டாம் பாகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. பதில் கிடைக்காத கேள்வியோடு 400 பக்கத்துக்கு மேல் வாசித்தால் களைப்புத்தான் மிஞ்சும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்: இவர்களில் ஒவ்வொருவரோடும் பேசும்போது அலினா யாராக மாறுகிறாள்?

மாலிடம் பேசும்போது அவள் கெராம்ஸின் பெண்ணாக இருக்கப் பார்க்கிறாள், அது நாளுக்கு நாள் நடிப்பாகிக்கொண்டே போகிறது. நிகோலாய் வேறு. அவன் அவளிடம் மணம் பேசும்போது காதலைப் பற்றிப் பேசுவதில்லை. அரியணைக்குத் தன் அண்ணன் வஸீலியைவிடத் தானே தகுதியானவன், மக்கள் கொண்டாடும் புனிதவதி தன் பக்கத்தில் நின்றால் நாடு தன்னை ஏற்கும் என்ற கணக்கை மறைக்காமல் முன்வைக்கிறான். மூவரில் நேர்மையான பேச்சு இவனுடையது என்பது இந்த நாவலின் வேடிக்கைகளில் ஒன்று. அவனோடு பேசும் காட்சிகளில் அலினாவின் வசனம் கூர்மையாகிறது, அவளுக்கு நகைச்சுவை வருகிறது, பேரம் பேசக் கற்றுக்கொள்கிறாள். அரசனுடைய இரண்டாம் படைக்கு, அதாவது கிரிஷாக்களின் படைக்கு, தலைமை வேண்டும் என்று அவள் கேட்டுப் பெறுவது இந்தப் பயிற்சியின் தொடர்ச்சிதான். டார்க்ளிங் எதிரே வரும்போது மட்டும் அவள் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய பசி என்னவென்று அவனுக்கு முன்பே தெரியும். அந்த நிம்மதிதான் ஆபத்து. காதல் காட்சி என்று நினைத்து வாசித்தால் மயக்கம் மட்டும் தெரியும். அவன் வந்துபோன பிறகு அவள் எடுக்கும் முடிவுகளோடு சேர்த்து வாசித்தால் ஒவ்வொரு வருகையும் அவளை மற்றவர்களிடமிருந்து ஓர் அடி விலக்கியிருப்பது தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: நாவலில் முத்தங்கள் உண்டு, குடி உண்டு, போர்க்களச் சாவுகளும் உடல் சிதைவும் உண்டு; வெளிப்படையான பாலியல் காட்சிகள் கிடையாது. பதின்ம வயதினர் கையில் தயங்காமல் கொடுக்கலாம்.

ஓஸ் ஆல்டாவில் நிதானம்

வாசகர்கள் புத்தகத்தைக் கீழே வைக்கும் இடம் பெரும்பாலும் தலைநகரப் பகுதிதான். கடல், வேட்டை, துரோகம் என்று பறந்துகொண்டிருந்த கதை இங்கே வந்ததும் ஆலோசனைக் கூட்டம், விருந்து, பயிற்சி என்று அமர்ந்துவிடுகிறது. இந்தப் பகுதி இன்னும் கொஞ்சம் குறுகியிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. வஸீலி போன்ற ஒருவனை இவ்வளவு தட்டையாக எழுதியிருக்கவும் வேண்டாம். ஆனால் அலினா ஆளக் கற்றுக்கொள்ளும் இடம் இதுவே, ஆட்சி என்பது கூட்டங்களில்தான் நடக்கிறது.

கிரிஷாக்கள் வாழும் சிறிய அரண்மனையின் உணவுக்கூடத்தைப் பாருங்கள். கிரிஷாக்களில் மூன்று பிரிவுகள். உடலை ஆள்பவர்கள் சிவப்பு கெஃப்டா என்ற அங்கி அணிவார்கள். காற்று, நெருப்பு, நீரை அழைப்பவர்கள் நீலம். உலோகம், கண்ணாடி, ரசாயனம் என்று பொருள்களைக் கையாள்பவர்கள் ஊதா. ஒவ்வொரு நிறமும் தனித்தனி மேசையில் உட்காருவது அங்கே காலங்காலமான வழக்கம். அலினா பொறுப்பேற்றதும் எல்லோரும் கலந்து உட்கார வேண்டும் என்று உத்தரவிடுகிறாள். போரோ மாயமோ எதுவும் இல்லாத காட்சி. ஆனால் யார் முகம் சுளிக்கிறார்கள், யார் எழுந்திருக்கத் தயங்குகிறார்கள், அவளுடைய குரல் எந்த இடத்தில் டார்க்ளிங்கின் குரலைப் போல ஒலிக்கிறது என்று கவனித்தால், அவள் நல்லது செய்வதற்கும் கட்டளையிடும் சுகத்தை அறிந்துகொள்வதற்கும் நடுவில் எவ்வளவு மெல்லிய இடைவெளி இருக்கிறது என்பது பிடிபடும். பொருள்களைக் கையாளும் கிரிஷாவான டேவிட் வடிவமைக்கும் பெரிய கண்ணாடித் தட்டுகள் பற்றிய பகுதிகளையும் இதே கவனத்தோடு வாசியுங்கள். அவளுடைய ஒளியைப் பிரதிபலித்துப் பெருக்குவதற்கான போர்க்கருவி அது. முதல் பாகத்தில் விடுதலையாக இருந்த ஒளி இங்கே ஆயுதமாக அளந்து வார்க்கப்படுகிறது.

தலைநகருக்குப் போகும் வழியில் வரும் யாத்திரிகர் கூட்டத்தையும் வேகமாகக் கடந்துவிட வேண்டாம். அலினா ஃபோல்டில் செத்துப்போனாள் என்று நம்பும் மக்கள், அவளுடைய விரல் எலும்பு என்று சொல்லி எதையோ விற்கிறார்கள், வாங்குகிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருத்தி தன் எலும்புகளின் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். சிரிப்பு வரும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மக்களுக்கு வேண்டியது அவளா, அவளுடைய மரணமா என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது. அரசனின் பழைய குருவான ஆப்பராட் இந்தப் பக்தியை வைத்து என்ன செய்ய நினைக்கிறான் என்பதை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களும் ரஷ்யச் சாயலும்

ராவ்கா, 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஜார் கால ரஷ்யாவைச் சாயலாகக் கொண்டு புனையப்பட்ட நாடு. ரஷ்யாவே அல்ல. ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் இந்தப் பெயர்களிலும் சொற்களிலும் பிழை கண்டுபிடித்திருக்கிறார்கள். உதாரணமாக, ரஷ்யாவில் மிகக் குறைந்த போதை தரும் குவாஸ் என்ற பானம் இந்தக் கதையில் ஆளை வீழ்த்தும் மதுவாக வருகிறது. அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் போதும், அதற்காக வாசிப்பை நிறுத்திவிட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வாசிக்கும் நம்மவர்களுக்கு இந்த நூலின் ஆங்கிலம் பெரிதாகச் சிரமம் தராது. தடுக்கி விழச் செய்பவை ஆசிரியர் உருவாக்கிய சொற்கள்தான், அவற்றை அகராதியில் தேடிப் பயனில்லை. நூலின் முன்பக்கத்தில் கிரிஷா பிரிவுகளின் பட்டியலும் நாட்டு வரைபடமும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் ஓர் அடையாளத் தாள் செருகி வைத்துக்கொண்டால் போதும். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தயங்குபவர்கள் லாரன் ஃபோர்ட்காங் வாசித்த ஒலிநூலில் முதல் ஒரு மணி நேரத்தைக் கேட்டுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பலாம்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும்: மெர்சோஸ்ட். கிரிஷாக்கள் தங்கள் கலையைச் சிறிய அறிவியல் என்று அழைப்பார்கள். இருக்கும் பொருளை, இருக்கும் காற்றை, இருக்கும் ஒளியைத்தான் அவர்களால் அசைக்க முடியும். இல்லாததை உண்டாக்குவது மெர்சோஸ்ட், அதற்கு உண்டாக்குபவரே தம்மிலிருந்து விலை கொடுக்க வேண்டும். ஃபோல்ட் அப்படிப் பிறந்தது, நிச்சேவோயாவும் அப்படித்தான். இந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டே போனால் கடைசி அத்தியாயங்களில் அலினா எடுக்கும் முடிவு வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றாது.

கடைசி அத்தியாயங்களும் அதற்குப் பிறகும்

இறுதிப் பகுதி ஒரு விருந்தில் தொடங்கி மிக வேகமாக ஓடுகிறது. தூக்கம் வரும் நேரத்தில் அதைத் தொடங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் இடையூறில்லாமல் கிடைக்கும் ஒரு நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். வேகத்தில் பல பெயர்கள் வந்துபோகும். யார் இறந்தார்கள், யார் தப்பினார்கள் என்பதில் குழப்பம் வருவது இயல்பு. தேவையானால் பின்னால் சென்று சரிபார்க்கலாம், முதல் வாசிப்பில் நிற்காமல் போய்விடுங்கள். முடித்தவுடன் உங்கள் கோடுகளையும் புள்ளிகளையும் மட்டும் புரட்டிப் பாருங்கள். எந்த மறைப்பு வெளிப்பட்டது, எது இன்னும் மறைந்தே இருக்கிறது என்று தெரியும். வெளிப்படாதவை மூன்றாம் பாகத்துக்குப் போகும் கடன்.

மூன்றாம் பாகத்தை உடனே தொடங்கலாமா, இடைவெளி விடலாமா என்றால், இந்த நூலைப் பொறுத்தவரை உடனே தொடங்குவதே நல்லது. இரண்டாம் பாகம் முடியும் இடம் ஓர் ஓய்வு நிலையம் அல்ல. அலினாவின் உடலுக்கும் ஆற்றலுக்கும் என்ன நேர்ந்தது என்பது சில வாரங்கள் கழித்து வாசித்தால் வெறும் தகவலாகிவிடும். இடையில் வேறெதுவும் வாசிக்க விரும்பினால், அலினாவின் அரண்மனைத் தோழி ஜென்யாவின் பார்வையில் முதல் பாகத்தின் நிகழ்ச்சிகளைச் சொல்லும் ‘தி டெய்லர்’ என்ற சிறுகதையை இரண்டாம் பாகத்துக்கு முன்பாகவே வாசித்துவிடுவது சரியான வரிசை. அதை வாசித்தவருக்கு, இரண்டாம் பாகத்தில் டார்க்ளிங்கின் கப்பலில் ஜென்யாவைச் சந்திக்கும் காட்சி வெறும் கோபமாக நின்றுவிடாது. 2015இல் வந்த ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ நாவலையும் 2019இல் வந்த ‘கிங் ஆஃப் ஸ்கார்ஸ்’ நாவலையும் மூன்றாம் பாகத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் ராவ்காவின் உள்நாட்டுப் போர் எப்படி முடிந்தது என்பதற்கான குறிப்புகள் இருக்கின்றன, பின்னது நிகோலாயைப் பற்றியது என்பதால் அவன் எங்கே போய்ச் சேருகிறான் என்பதை அட்டையே சொல்லிவிடும்.